இடித்தது கும்பல்... எழுப்பியது ஊர்! சவுத்போர்ட் பள்ளிவாசல் சுவரின் கதை என்ன?

ஒரு பள்ளிவாசலின் சுற்றுச்சுவரை ராத்திரியோடு ராத்திரியாக ஒரு கும்பல் இடித்துத் தள்ளுகிறது. பொழுது விடிந்ததும் அந்த ஊர் மக்கள் துடைப்பம், தள்ளுவண்டி, செங்கல், சிமென்ட் என்று கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறார்கள். கொத்தனார்கள் கூலி வாங்காமல் சுவரைத் திரும்பக் கட்டுகிறார்கள். இது நடந்தது இங்கிலாந்தின் வடமேற்குக் கரையில் இருக்கும் சவுத்போர்ட் என்ற சின்ன ஊரில், 2024 ஜூலை 31-ம் தேதி.

"நல்ல செய்திதான், இதில் அலசுவதற்கு என்ன இருக்கிறது?" என்று கேட்கலாம். இருக்கிறது. ஒரு பொய்ப் பெயர் சில மணி நேரத்தில் ஒரு நாட்டையே எப்படிப் பற்றவைத்தது? அதை அணைத்தது யார், மக்களா, போலீஸா? போலீஸ் இன்னும் கொஞ்சம் முன்பே வாயைத் திறந்திருந்தால் கலவரமே நடந்திருக்காதா? அந்தச் சுவரைக் கட்டியவர்கள் உண்மையில் செய்தது என்ன? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், என்ன நடந்தது?

2024 ஜூலை 29, திங்கட்கிழமை. பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை. சவுத்போர்ட்டின் ஹார்ட் ஸ்ட்ரீட்டில் சிறுமிகளுக்கான நடன, யோகா வகுப்பு நடந்துகொண்டிருந்தது. பாடகி டெய்லர் ஸ்விஃப்ட்டின் பாடல்களை மையமாக வைத்து நடந்த வகுப்பு. அங்கே கத்தியோடு நுழைந்த 17 வயது இளைஞன் கண்ணில் பட்டவர்களையெல்லாம் குத்தினான். 6, 7, 9 வயதுள்ள மூன்று சிறுமிகள் உயிரிழந்தார்கள். மேலும் 8 குழந்தைகளுக்கும் 2 பெரியவர்களுக்கும் கத்திக்குத்துக் காயம்.

அந்த ஊரே உடைந்துபோனது. எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த மாதிரியான ஊர் அது. விடுமுறைக்குப் பிள்ளையை நடன வகுப்புக்கு அனுப்பிய எந்தப் பெற்றோருக்கும் "அது நம்ம பிள்ளையாக இருந்திருக்கலாமே" என்ற நடுக்கம் வரத்தானே செய்யும்?

அன்று மாலையே மெர்சிசைட் போலீஸ் இரண்டு விவரங்களைச் சொன்னது. கைதானவனுக்கு வயது 17, அவன் பிறந்தது வேல்ஸ் தலைநகரான கார்டிஃபில். பெயரைச் சொல்லவில்லை. அந்த இடைவெளியில்தான் வதந்தி நுழைந்தது.

வதந்தி என்ன சொன்னது?

சமூக வலைதளங்களில் ஒரு பெயர் சுற்ற ஆரம்பித்தது. கேட்டவுடன் முஸ்லிம் பெயர் என்று தோன்றும்படியான ஒரு பெயர். அதோடு ஒரு கதையும் ஒட்டிக்கொண்டது. 'அவன் புகலிடம் கேட்டு வந்தவன், போன வருஷம்தான் படகில் வந்து இறங்கினான், உளவுத்துறையின் கண்காணிப்புப் பட்டியலில் ஏற்கெனவே இருந்தவன்...' செய்தித்தளம் போலவே தோற்றமளித்த ஓர் இணையதளமும் இதை வெளியிட்டது. லட்சக்கணக்கானவர்கள் பார்த்தார்கள், பகிர்ந்தார்கள்.

இதில் ஒன்றுகூட உண்மை இல்லை. அவன் பிரிட்டனிலேயே பிறந்தவன். ருவாண்டாவில் இருந்து வந்து குடியேறிய கிறிஸ்தவப் பெற்றோரின் மகன். படகிலும் வரவில்லை, அந்தப் பெயரும் அவனுடையது அல்ல. பரவும் பெயர் தவறு என்று போலீஸ் வெளிப்படையாகச் சொல்லியும் பார்த்தது. ஆனால், மறுப்பு போய்ச் சேர்வதற்குள் வதந்தி பள்ளிவாசல் வாசலுக்கே போய்ச் சேர்ந்துவிட்டது.

இந்த வதந்தி ஏன் இவ்வளவு சுலபமாக எடுபட்டது என்பதையும் யோசிக்க வேண்டும். ஆங்கிலக் கால்வாயைச் சின்னப் படகுகளில் கடந்து வருபவர்கள், அவர்களை அரசு செலவில் ஹோட்டல்களில் தங்கவைப்பது... இதெல்லாம் பிரிட்டன் அரசியலில் பல ஆண்டுகளாகக் கொதித்துக்கொண்டிருந்த விஷயங்கள். சில வாரங்களுக்கு முன்பு முடிந்த பொதுத்தேர்தலிலும் இது பெரிய பேச்சு. அதாவது, விறகு ஏற்கெனவே அடுக்கப்பட்டிருந்தது. வதந்தி போட்டது தீக்குச்சி மட்டும்தான்.

ஜூலை 30: அஞ்சலியும் தாக்குதலும்

மறுநாள் மாலை சவுத்போர்ட்டில் இரண்டு கூட்டங்கள் கூடின. ஒன்று, ஆயிரக்கணக்கானவர்கள் பூக்களோடு வந்து மௌனமாக நின்ற அஞ்சலிக் கூட்டம். இன்னொன்று, அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் செயின்ட் லூக்ஸ் சாலையில் இருக்கும் பள்ளிவாசலுக்கு முன்னால் திரண்ட கும்பல்.

இமாமும் இன்னும் சிலரும் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். வெளியே இருந்து செங்கல், பாட்டில், கையில் கிடைத்ததெல்லாம் பறந்து வந்தன. பள்ளிவாசலின் சுற்றுச்சுவரைப் பிடுங்கி, அதன் கற்களையே எடுத்து போலீஸ் மீது வீசினார்கள். போலீஸ் வேன் ஒன்று எரிந்தது. 50-க்கும் மேற்பட்ட போலீஸார் காயமடைந்தார்கள். அக்கம்பக்கத்துக் கடையும் தப்பவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. முதல் நாள் கத்திக்குத்து நடந்த இடத்துக்கு ஓடிவந்து குழந்தைகளைக் காப்பாற்றப் போராடிய அதே போலீஸார், அதே ஆம்புலன்ஸ் ஊழியர்கள்தான் மறுநாள் கல்லடி நடந்த இடத்திலும் பணியில் நிற்க வேண்டியிருந்தது. பலியான ஒரு சிறுமியின் தாயே, இந்த வன்முறையை நிறுத்துங்கள் என்று அன்று இரவு கெஞ்சிக் கேட்டுப் பதிவிட்டார். "குழந்தைகளுக்காகத்தான் கொதிக்கிறோம்" என்று கத்தியவர்கள், அந்தக் குழந்தையின் தாய் சொன்னதைக் கேட்கவில்லை.

தாக்கியவர்களில் பலர் வெளியூர்க்காரர்கள் என்று போலீஸ் அப்போது சொன்னது. "எங்க ஊர் ஆட்கள் இல்லைப்பா" என்று சொல்லிக்கொள்வது எந்த ஊருக்கும் ஆறுதல்தான். ஆனால், பிறகு நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டவர்களில் சவுத்போர்ட்டைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். இதை மறைத்துவிட்டு "வெளியூர் கும்பல், உள்ளூர் நல்லவர்கள்" என்று கதை சொன்னால் அது பாதிக் கதைதான். ஒரே ஊருக்குள் இரண்டு விதமான மனிதர்களும் இருந்தார்கள் என்பதுதான் முழுக்கதை.

மறுநாள் காலை வந்தவர்களுக்கு என்ன தெரியும்?

ஜூலை 31 காலை. தெரு முழுக்க உடைந்த கண்ணாடி, செங்கல் துண்டு, கருகிய குப்பைத்தொட்டி. யாரும் அழைக்காமலேயே அக்கம்பக்கத்து ஜனங்கள் வர ஆரம்பித்தார்கள். சிலர் பெருக்கினார்கள். சிலர் கற்களைத் தள்ளுவண்டியில் அள்ளினார்கள். சிலர் டீயும் தின்பண்டமும் கொண்டுவந்து கொடுத்தார்கள். கட்டுமான வேலை தெரிந்தவர்கள் கரண்டியோடு வந்து சுவரை எழுப்பினார்கள். கல்லும் சாந்தும்கூட நன்கொடையாக வந்தன.

இங்கேதான் பலரும் கவனிக்காமல் விட்ட ஒரு விஷயம் இருக்கிறது. தேதியைப் பாருங்கள். கொலையாளியின் உண்மையான பெயர் வெளியானது ஆகஸ்ட் 1-ம் தேதி. சுவரைக் கட்ட மக்கள் வந்தது ஜூலை 31-ம் தேதி. அதாவது, அந்தக் காலையில் கையில் செங்கலோடு நின்றவர்களுக்கு அவன் யார், எந்த மதம் என்பது உறுதியாகத் தெரியாது. பரவிய பெயர் தவறு என்று மட்டும் போலீஸ் சொல்லியிருந்தது. அவ்வளவுதான்.

அப்படியென்றால் அவர்கள் வந்தது, "ஓ... அவன் முஸ்லிம் இல்லையாமே" என்று தெரிந்துகொண்டு அல்ல. அவன் யாராக இருந்தாலும், தெருமுனையில் தொழுகை நடத்தும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் அந்தக் கொலைக்கும் சம்பந்தமில்லை என்ற தெளிவோடுதான் வந்தார்கள்.

இது சின்ன வித்தியாசம் மாதிரி தெரியலாம். ஆனால், இந்த விவகாரத்தின் அடிநாதமே இதுதான். கலவரத்துக்குப் பிறகு பல ஊடகங்களும் தலைவர்களும் திரும்பத் திரும்பச் சொன்னது "கொலையாளி முஸ்லிம் அல்ல, அகதியும் அல்ல" என்பதைத்தான். தகவல் என்ற அளவில் அது சரி. ஆனால், வாதம் என்ற அளவில் அது ஓட்டை உள்ளது. ஏன்? ஒருவேளை அவன் முஸ்லிமாகவே இருந்திருந்தால் பள்ளிவாசலைத் தாக்கியது சரியாகிவிடுமா? ஆகாது இல்லையா? தவறான தகவலைத் திருத்துவதோடு நிறுத்திக்கொண்டால், அடுத்த முறை தகவல் சரியாக இருக்கும்போது சொல்வதற்கு நம்மிடம் எதுவும் இருக்காது. சுவர் கட்டியவர்கள் அந்தக் கேள்விக்குள்ளேயே போகவில்லை. பக்கத்து வீட்டுக்காரரின் சுவர் இடிந்திருக்கிறது, கட்ட வேண்டும், கட்டினார்கள்.

லிவர்பூலில் கைகோத்த எதிரெதிர் கூட்டம்

சவுத்போர்ட்டோடு தீ நிற்கவில்லை. லண்டன், ஹார்ட்டில்பூல், மான்செஸ்டர், சண்டர்லேண்ட், ஹல், ஸ்டோக், மிடில்ஸ்பரோ, பெல்ஃபாஸ்ட் என்று ஒரு வாரத்துக்குள் பல ஊர்களுக்குப் பரவியது. ஆகஸ்ட் 4-ம் தேதி ராதர்ஹாம் அருகே புகலிடம் கோரியவர்கள் தங்கியிருந்த ஹோட்டலை, உள்ளே ஆட்கள் இருக்கும்போதே கொளுத்தப் பார்த்தார்கள். டாம்வொர்த்திலும் ஒரு ஹோட்டல் தாக்கப்பட்டது.

இதற்கு நடுவே, ஆகஸ்ட் 2-ம் தேதி லிவர்பூலில் நடந்தது வேறு மாதிரியான காட்சி. அங்கே இருக்கும் அப்துல்லா குவில்லியம் பள்ளிவாசல் சாதாரணமானது அல்ல. இஸ்லாத்தைத் தழுவிய ஆங்கிலேய வழக்கறிஞர் ஒருவர் 19-ம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கியது. இங்கிலாந்தின் முதல் பள்ளிவாசலாகக் கருதப்படுவது. அதன் முன்னால் போராட்டம் என்று அறிவிப்பு வந்ததும், அதைப் பாதுகாக்க நூற்றுக்கணக்கான லிவர்பூல்வாசிகள் திரண்டுவிட்டார்கள். எதிர்க்க வந்தவர்கள் அவர்களைவிட மிகக் குறைவு.

பள்ளிவாசல் தரப்பு என்ன செய்தது தெரியுமா? இமாம் ஆடம் கெல்விக்கும் மற்றவர்களும் பர்கர், சிப்ஸ், தண்ணீர் பாட்டிலோடு தெருவைக் கடந்து, தங்களை எதிர்க்க வந்தவர்களிடமே போனார்கள். பேச்சுக் கொடுத்தார்கள். சிலர் வாங்கிச் சாப்பிட்டார்கள், சிலர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். சிலர் கடைசிவரை கேட்கவில்லை, கத்திக்கொண்டேதான் இருந்தார்கள். ஆனால், அன்று அந்தப் பள்ளிவாசல் வாசலில் ரத்தம் சிந்தவில்லை.

மறுநாளே அதே லிவர்பூலின் வால்டன் பகுதியில் ஸ்பெல்லோ நூலகத்தைக் கொளுத்தினார்கள். ஏழைப் பகுதிப் பிள்ளைகளுக்கு இருந்த ஒரே துணை மாதிரியான நூலகம். அதற்கு உள்ளூர்ப் பெண் ஒருவர் 500 பவுண்டு திரட்டலாம் என்று இணையத்தில் நிதி கேட்டார். வந்து சேர்ந்தது 2,50,000 பவுண்டுக்கும் மேல். அந்த ஆண்டு டிசம்பரில் நூலகம் மறுபடியும் திறக்கப்பட்டது.

ஆகஸ்ட் 7: எதிர்பார்த்தது ஒன்று, நடந்தது ஒன்று

இந்த வாரத்தின் திருப்புமுனை ஆகஸ்ட் 7, புதன்கிழமை. குடியேற்ற வழக்கறிஞர்களின் அலுவலகங்கள், அகதிகளுக்கு உதவும் மையங்கள் என்று பல இடங்களின் பட்டியல் ஒன்று டெலிகிராமில் பரவியது. இன்றிரவு இங்கெல்லாம் கூடுங்கள் என்பது செய்தி. பல ஊர்களில் கடைகள் மதியமே ஷட்டரை இறக்கின. கண்ணாடிகளுக்குப் பலகை அடித்தார்கள். நாடு முழுக்க ஆயிரக்கணக்கான கலவரத் தடுப்புப் போலீஸார் தயாராக நிறுத்தப்பட்டார்கள்.

இரவு வந்தது. கும்பல் வரவில்லை. வந்தது எதிர்ப்பக்கம். கிழக்கு லண்டனின் வால்தம்ஸ்டோவில் ஆயிரக்கணக்கானவர்கள் தெருவை அடைத்து நின்றார்கள். பிரிஸ்டல், பிரைட்டன், ஷெஃபீல்டு, நியூகாசில், லிவர்பூல் என்று எல்லா இடங்களிலும் இதே கதை. பாட்டிகள், தொழிற்சங்கத்தினர், மாணவர்கள், பல மதத்தவர்கள் சேர்ந்து நின்றார்கள். பல இடங்களில் தாக்க வந்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருந்தார்கள். சில இடங்களில் ஒருவர்கூட இல்லை. குடியேற்றத்தைக் கடுமையாக எதிர்த்து எழுதும் நாளிதழ்கள்கூட மறுநாள் இந்தக் கூட்டத்தைப் பாராட்டி முதல் பக்கம் போட்டன.

கலவரத்தை நிறுத்தியது மக்களா, போலீஸா?

இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். "அன்பு வென்றது" என்று முடித்துவிடுவது ஈஸி. ஆனால் அதே ஆகஸ்ட் 7-ம் தேதி இன்னொன்றும் நடந்தது. கலவரக்காரர்கள் மூன்று பேருக்கு லிவர்பூல் நீதிமன்றம் சிறைத் தண்டனை விதித்தது. அதிகபட்சம் 3 ஆண்டு. சவுத்போர்ட் கலவரம் நடந்து எட்டே நாளில் தீர்ப்பு! வழக்கமாக மாதக்கணக்கில் இழுக்கும் வேலை. பின்னாளில் ராதர்ஹாம் ஹோட்டல் வழக்கில் ஒருவருக்கு 9 ஆண்டு கிடைத்தது. மொத்தமாக ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதானார்கள்.

ஆக, இரண்டும் சேர்ந்துதான் வேலை செய்தன. கைதும் தண்டனையும் "கல் எடுத்தால் உள்ளே போக வேண்டும்" என்ற பயத்தைக் கொடுத்தன. தெருவில் திரண்ட மக்கள் வேறொன்றைச் செய்தார்கள். கலவரக் கும்பல் எப்போதும் ஒன்றைச் சொல்லிக்கொள்ளும்: "ஊரே எங்க பக்கம், நாங்க வெளிப்படையா செய்றோம், மத்தவங்க மனசுக்குள்ள நினைக்கிறாங்க." அந்த நம்பிக்கையை போலீஸ் லத்தியால் உடைக்க முடியாது. லத்தி விழுந்தால் அது இன்னும் வளரவே செய்யும். அதை உடைக்க அதே ஊர்க்காரர்கள்தான் வந்து நிற்க வேண்டும். வால்தம்ஸ்டோவில் நடந்தது அதுதான்.

அதே நேரத்தில், போலீஸ் இல்லாமல் மக்களை மட்டும் நம்பியிருந்தால்? ஜூலை 30 இரவு பள்ளிவாசலுக்குள் இருந்தவர்கள் உயிரோடு வெளியே வந்ததற்கு, கல்லடி வாங்கிக்கொண்டு வாசலில் நின்ற போலீஸ் ஒரு முக்கியக் காரணம். பக்கத்து வீட்டுக்காரரின் அன்பு மறுநாள் காலைக்கானது. அன்றிரவுக்கு அரசு வேண்டும்.

போலீஸ் ஏன் பெயரைச் சொல்லவில்லை?

இது நியாயமான கேள்வி. பிரிட்டனில் கைதானவர் பெயரைக் குற்றச்சாட்டு பதிவாகும் முன்பு போலீஸ் பொதுவாக வெளியிடுவதில்லை. விசாரணையைப் பாதிக்கும் விதத்தில் விவரங்களை வெளியிடுவதை 1981-ம் ஆண்டின் நீதிமன்ற அவமதிப்புச் சட்டம் தடுக்கிறது. அதோடு, 18 வயதுக்கு உட்பட்டவர்களின் அடையாளத்துக்கு நீதிமன்றம் பாதுகாப்பும் கொடுக்கிறது. எல்லாமே நல்ல நோக்கத்தில் வந்த விதிகள்.

ஆனால், ஆகஸ்ட் 1-ம் தேதி லிவர்பூல் நீதிபதி ஆண்ட்ரூ மெனரி அந்தத் தடையை விலக்கினார். இன்னும் சில நாளில் அவனுக்கு 18 வயது ஆகப்போகிறது, பெயரை மறைத்துவைப்பது பொய் பரப்புகிறவர்களுக்குத்தான் வசதி என்பது அவர் சொன்ன காரணங்களின் சாரம். 2025 ஏப்ரலில் நாடாளுமன்றத்தின் உள்துறைக் குழுவும் ஏறக்குறைய இதையே சொன்னது. தகவல் இல்லாத வெற்றிடத்தில் வதந்தி வளர்ந்தது, சமூக வலைதளக் காலத்துக்கு இந்த விதிமுறைகள் பொருந்தவில்லை என்றது. 2025 ஆகஸ்ட்டில், பெரிய வழக்குகளில் குற்றம்சாட்டப்பட்டவரின் நாட்டையும் இனப் பின்னணியையும் வெளியிடுவது பற்றி யோசிக்கலாம் என்று போலீஸுக்குப் புதிய வழிகாட்டுதல் வந்தது.

இது தீர்வா? பாதித் தீர்வு. சவுத்போர்ட்டில் உண்மையைச் சீக்கிரம் சொல்லியிருந்தால் அந்தக் குறிப்பிட்ட வதந்தி செத்திருக்கலாம். ஆனால், ஒவ்வொரு குற்றத்துக்கும் இனத்தை அறிவிப்பது வழக்கமாகிவிட்டால், "இன்னைக்கு யாரு?" என்று காத்திருக்கும் பழக்கமும் வளரும். அறிவிக்காத ஒவ்வொரு வழக்கிலும் "எதையோ மறைக்கிறாங்க" என்ற சந்தேகமும் வரும்.

மறுபக்கம் என்ன சொல்கிறது?

கலவரத்தைக் கண்டித்தவர்களிலேயே ஒரு பிரிவினருக்கு வேறு குறைகள் இருந்தன. ஒன்று, "ஒரு பக்கத்துக்கு ஒரு நியாயம், இன்னொரு பக்கத்துக்கு இன்னொரு நியாயம்" என்று போலீஸ் நடந்துகொண்டதாகக் குற்றச்சாட்டு. எக்ஸ் தள உரிமையாளர் எலான் மஸ்க் வரை இதைப் பேசினார்கள். உள்நாட்டுப் போர் தவிர்க்க முடியாதது என்றும் அவர் பதிவிட்டது பெரிய சர்ச்சையானது. நாடாளுமன்றக் குழு இந்தக் குற்றச்சாட்டைப் பரிசீலித்து, அப்படி இரட்டை அளவுகோல் இருந்ததற்கு ஆதாரம் இல்லை என்றது. இரண்டாவது, ஆன்லைனில் பதிவு போட்டதற்கே நீண்ட சிறைத் தண்டனை சரியா என்ற கேள்வி. ஹோட்டல்களைக் கொளுத்துங்கள் என்ற பொருளில் பதிவிட்ட ஒரு பெண்ணுக்கு 31 மாதச் சிறை கிடைத்தது. கருத்துச் சுதந்திரம் எங்கே முடிகிறது, தூண்டிவிடுதல் எங்கே தொடங்குகிறது என்ற விவாதம் அங்கே இன்னும் ஓயவில்லை.

மூன்றாவது, கொலையாளியைப் பற்றியது. அவன் வீட்டில் ரைசின் என்ற கொடிய விஷமும், அல்-கொய்தா பயிற்சிக் கையேட்டின் நகலும் இருந்தது 2024 அக்டோபரில்தான் வெளியே தெரிந்தது. "பார்த்தீங்களா, மறைச்சுட்டாங்க" என்றார்கள். வன்முறையில் ஆர்வம் இருந்ததே தவிர, குறிப்பிட்ட மதக் கொள்கையோ அரசியல் கொள்கையோ அவனை இயக்கியதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்பது புலனாய்வின் முடிவு. ஆனால், அவனைப் பற்றி தீவிரவாதத் தடுப்புத் திட்டத்துக்கு மூன்று முறை தகவல் போயும் கோட்டைவிட்டது உண்மை. 2025 ஜனவரியில் அவனுக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. குறைந்தது 52 ஆண்டு உள்ளே இருக்க வேண்டும். அதிகாரிகள் எங்கே தவறினார்கள் என்பதை விசாரிக்க முன்னாள் நீதிபதி ஏட்ரியன் ஃபுல்ஃபோர்டு தலைமையில் பொது விசாரணையும் 2025 ஜூலையில் தொடங்கியது.

கோபப்பட வேண்டிய இடம் இதுதான். மூன்று முறை வந்த எச்சரிக்கையை விட்டது யார் என்று கேட்டிருக்க வேண்டிய கோபம், தொழுகை நடத்தும் ஓர் இடத்தின் சுவரில் போய் மோதியது. இலக்கு மாறிய கோபத்தால் அந்த மூன்று குடும்பங்களுக்கு எந்த நியாயமும் கிடைக்கவில்லை.

நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

ஆகஸ்ட் 6-ம் தேதி லண்டனில் உள்ள இந்தியத் தூதரகம், பிரிட்டனுக்கு வரும் இந்தியர்கள் எச்சரிக்கையாக இருக்கும்படி அறிவுறுத்தியது ஞாபகம் இருக்கலாம். காரணம் எளிது. கல்லெறிகிறவன் அடையாள அட்டை பார்த்து எறிவதில்லை. வதந்தி முஸ்லிம்களைப் பற்றியது. ஆனால், நிறத்தைப் பார்த்துத்தான் கார்களை மறித்தார்கள், கடைகளை உடைத்தார்கள். இந்து, சீக்கியர், கிறிஸ்தவர் என்ற வித்தியாசமெல்லாம் அந்த வேகத்தில் யாருக்குத் தெரியப்போகிறது?

இன்னொன்று, மிரட்டல் பட்டியலில் இருந்தது குடியேற்ற வழக்கறிஞர்களின் அலுவலகங்கள். இலங்கைப் போருக்குத் தப்பி பிரிட்டனில் தஞ்சம் கேட்ட ஈழத்தமிழ்க் குடும்பங்கள் ஏறி இறங்கியதும் இப்படிப்பட்ட அலுவலகங்களின் படிகளைத்தான். வால்தம்ஸ்டோ தெருவில் நின்ற கூட்டம் காத்தது முஸ்லிம்களை மட்டும் அல்ல.

சுவர் கட்டினால் போதுமா?

போதாது. இதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை நேர்மையாக இருக்காது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் முஸ்லிம்கள் சுமார் 39 லட்சம் பேர், மக்கள் தொகையில் 6.5 சதவீதம் (2021 கணக்கெடுப்பு). முஸ்லிம் வெறுப்புச் சம்பவங்களைப் பதிவுசெய்யும் டெல் மாமா அமைப்பிடம் 2024-ல் மட்டும் 6,000-க்கும் மேற்பட்ட புகார்கள் வந்தன. கலவரம் நடக்கும்போதே பள்ளிவாசல்களுக்கு அவசரப் பாதுகாப்பு ஏற்பாட்டை அரசு அறிவிக்க வேண்டியிருந்தது. 2025 கோடையில் எப்பிங் உள்ளிட்ட ஊர்களில் ஹோட்டல்களுக்கு முன்னால் மறுபடியும் போராட்டங்கள். 2025 அக்டோபரில் பீஸ்ஹேவன் என்ற கடலோர ஊரில் ஒரு பள்ளிவாசலுக்குத் தீ வைக்கப்பட்டது.

ஆக, அந்த வாரத்தோடு வெறுப்பு தீர்ந்துவிடவில்லை. வீட்டு வாடகை, மருத்துவமனைக் காத்திருப்பு, வேலையில்லாத ஊர்கள், ஹோட்டல் அரசியல் என்று கோபத்தின் வேர்கள் அப்படியே இருக்கின்றன. அதைச் சரிசெய்வது கொத்தனார் வேலை அல்ல, அரசாங்கத்தின் வேலை.

அப்படியானால், அந்தச் சுவரால் ஆன பயன் என்ன? ஒரு சிறுபான்மைக் குடும்பத்தின் இடத்தில் இருந்து யோசித்துப் பாருங்கள். ஜூலை 30 இரவு அவர்களுக்கு வந்த பயம், கல்லெறிந்த சில நூறு பேரைப் பற்றியது மட்டுமல்ல. கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருந்த மற்ற ஆயிரக்கணக்கானவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதுதான் பெரிய பயம். பால் வாங்கும் கடைக்காரர், பிள்ளையோடு படிக்கும் பிள்ளையின் அம்மா, பஸ் ஸ்டாப்பில் தினமும் பார்க்கும் முகம்... இவர்களெல்லாம் எந்தப் பக்கம்? அவர்கள் வாய் திறக்காவிட்டால், அந்த மௌனத்தைக் கும்பல் தன் கணக்கில் எழுதிக்கொள்ளும். தாக்கப்பட்டவர்களும் அப்படியேதான் எடுத்துக்கொள்வார்கள்.

சவுத்போர்ட்டில் அந்தச் சந்தேகம் ஒரு ராத்திரிக்கு மேல் நீடிக்கவில்லை. இத்தனைக்கும் அந்த ஊர் அப்போது தன் பிள்ளைகளையே இன்னும் அடக்கம் செய்யவில்லை. துக்க வீடாக இருந்த ஓர் ஊர், இரண்டாவது நாளே அடுத்தவர் வீட்டுச் சுவரைக் கட்டப் போனது. அதற்கு யாரும் கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றவில்லை, கட்சிக்கொடி வரவில்லை. ஆகஸ்ட் 20-ம் தேதி மன்னர் சார்லஸ் நேரில் வந்து அந்த ஊர் மக்களைச் சந்தித்தார். ஆனால், அதற்கு மூன்று வாரம் முன்பே சுவர் எழும்பியாகிவிட்டது.

வதந்திக்கு எதிராக உண்மையைச் சொல்ல போலீஸும் ஊடகமும் வேண்டும். கல்லெறிந்தவனுக்குத் தண்டனை கொடுக்க நீதிமன்றம் வேண்டும். "நீங்க பயப்படாதீங்க, நாங்க இருக்கோம்" என்று சொல்ல மட்டும் பக்கத்து வீட்டுக்காரரால்தான் முடியும். அதையும் விடிந்தவுடனேயே போய்ச் சொல்ல வேண்டும். ஒரு வாரம் கழித்துச் சொன்னால் அது வெறும் அறிக்கை.